சந்திக் கடையும் சங்கிலிக் கடையும்

பதுளையில் தோட்டத்து இளைஞர் யுவதிகளுக்காக நடைபெற்ற இரண்டு நாட் பயிற்சி வகுப்பொன்றில், முதல் நாட் கூச்சத்தைப் போக்குவதற்காக ஒரு கேள்வியைக் கேட்டேன். "உங்கள் வாழ்க்கையில் மறக்க முடியாத சாப்பாடு எது? எங்கே, யாரோடு சாப்பிட்டீர்கள்?" பசறை, மடுல்சீமை, லுணுகலை, அப்புத்தளை, ஹாலிஎல பகுதிகளிலிருந்து வந்திருந்த பிள்ளைகள் முதலில் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். பின்னர் ஒவ்வொருவராகப் பேசத் தொடங்கினார்கள்.

சம்பளத்துக்கு மறுநாள் அப்பா பதுளை டவுனுக்குக் கூட்டிப்போய், ஒரு கொத்துரொட்டி வாங்கி, மூன்று பிள்ளைகளுக்கும் பங்கிட்டுக் கொடுத்ததை ஒரு பையன் சொன்னான். அப்பா தனக்குப் பசிக்கவில்லை என்று சொல்லி வெறும் பிளேன்டீ குடித்தாராம். முதன்முதலாகக் கொழும்புக்கு வேலைக்குப் போனபோது ரயிலில் கடதாசிச் சுருளில் வாங்கிய பருப்பு வடையை இன்னொருவன் நினைவுகூர்ந்தான். மழையில் நனைந்து கொழுந்து நிறுத்துவிட்டு வந்த அம்மா அடுப்பிலிருந்து எடுத்துத் தந்த ரொட்டியும் கட்டச்சம்பலும் என்று சொன்னவர்கள் பலர்.

கடைசியாக ஒரு யுவதி எழுந்தாள். கொழும்பில் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்தபோது தோழிகளோடு ஒரு பிரபலமான வெளிநாட்டு உணவுக் கடைக்குப் போனதைச் சொன்னாள். "சாப்பாடு பெருசா நல்லா இருந்திச்சுன்னு சொல்ல மாட்டேன், பாதர். ஆனா அங்க என்னைய எந்தத் தோட்டம்னு யாரும் கேக்கல. மேடம்னு சொன்னாங்க. கதவத் தொறந்து விட்டாங்க" என்றாள்.

வகுப்பில் சிறிது நேரம் யாரும் பேசவில்லை. சிறிய கடைகளையும் பெரிய உணவுச் சங்கிலிகளையும் பற்றி நாம் பேசும்போது சுவை, விலை, உடல்நலம் ஆகியவற்றையே பெரும்பாலும் ஒப்பிடுகிறோம். அந்தப் பிள்ளை நான்காவதாக ஒன்றை எடுத்து வைத்தாள். அது மரியாதை. இந்த நான்கையும் சேர்த்தே இக்கட்டுரையில் பார்க்க விரும்புகிறேன்.

ஊவாவுக்குப் புதிதல்ல

ஒரே பெயர், ஒரே சுவை, ஒரே விலை என்று பல இடங்களில் கிளை பரப்பும் கடையைச் சங்கிலிக் கடை என்கிறோம். அது அண்மையில் வந்த மேல்நாட்டு நாகரிகம் என்று பலரும் எண்ணுகின்றனர். ஆனால் எமது மலைகளுக்கும் சங்கிலிக் கடைக்கும் உள்ள உறவு மிகப் பழையது.

தோமஸ் லிப்டனின் பெற்றோர் ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் சிறிய பலசரக்குக் கடை நடத்திய ஏழைகள். அவர் 1871இல் தமது முதற் கடையைத் திறந்தார். காலப்போக்கில் பிரித்தானியா எங்கும் அவருடைய பெயரில் நூற்றுக்கணக்கான கடைகள் எழுந்தன. அக்கடைகளில் தேயிலையை இடைத்தரகர் இன்றி மலிவாக விற்க விரும்பி, 1890இல் இலங்கைக்கு வந்து அப்புத்தளைப் பக்கத்தில் தம்பேதன்னை முதலிய தோட்டங்களை வாங்கினார். லண்டனில் லயன்ஸ் கம்பனி தனது தேநீர்க் கடைச் சங்கிலியின் முதற் கடையை 1894இல் திறந்தது.

உலகின் ஆரம்பகாலச் சங்கிலிக் கடைகளுக்குச் சரக்கு அனுப்பிய இடங்களில் ஒன்று எமது ஊவா என்பதை இதிலிருந்து விளங்கிக்கொள்ளலாம். அங்கே ஒரு கோப்பைத் தேநீர் மலிவாகக் கிடைத்ததற்கு இங்கே லயத்தில் வாழ்ந்தவர்களின் குறைந்த கூலியும் ஒரு காரணம். சங்கிலியின் ஒரு முனையில் விலை குறைகிறதென்றால், மறுமுனையில் யார் அதைச் சுமக்கிறார் என்று பார்க்க வேண்டும். இந்தப் பாடத்தை எமது மக்கள் புத்தகத்தில் படிக்கத் தேவையில்லை.

சந்திக் கடை செய்யும் வேலை

கொழும்பிலிருந்து வரும் ரயில் பாதை 1924இல் பதுளையை எட்டியது. அதுவே அப்பாதையின் கடைசி நிலையம். ரயிலும் பின்னர் பஸ்ஸும் நிற்கும் இடங்களிலெல்லாம் தேநீர்க் கடைகள் முளைத்தன. தமிழரின் சைவக் கடை, முஸ்லிம் சகோதரரின் நானா கடை, சிங்கள முதலாளியின் கடை என்று மூன்று மொழியும் பேசும் கடைவீதிகள் உருவாயின. தோட்டத்திலிருந்து வருபவருக்கு டவுனில் உட்கார ஓர் இடம் கிடைத்தது.

இக்கடைகளை வெறும் உணவு விற்கும் இடங்களாகப் பார்ப்பது தவறு. தோட்டச் சந்தியில் உள்ள ஒரு கடையை ஒரு நாள் முழுவதும் கவனித்துப் பாருங்கள். விடியற்காலையில் பஸ்ஸுக்கு வரும் பாடசாலைப் பிள்ளைகள் ரொட்டி வாங்குகிறார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும் கிழவி பையை அங்கே வைத்துவிட்டுப் போகிறார். கொழும்பிலிருந்து மகன் அனுப்பிய பொதி அங்கே காத்திருக்கிறது. இன்று எங்கே கைகாசு வேலை இருக்கிறது, எந்தப் பாதையில் மண் சரிந்திருக்கிறது, யார் வீட்டில் மரணம் என்பதெல்லாம் அங்கேதான் முதலில் தெரியவருகிறது.

எல்லாவற்றுக்கும் மேலாக அங்கே ஒரு கடன் கொப்பி இருக்கிறது. தோட்டச் சம்பளம் மாதத்தின் 10ஆம் திகதியளவில் கிடைக்கிறது. 25ஆம் திகதிக்குப் பின்னர் பல வீடுகளில் கையில் காசு இராது. அந்த இடைவெளியை நிரப்புவது வங்கியல்ல, சந்திக் கடைக்காரரின் கொப்பிதான். பிணையும் கையொப்பமும் இல்லாத அந்தக் கடன், முகத்தைப் பார்த்துக் கொடுக்கப்படுகிறது. கொப்பியில் கணக்குக் கூடுதலாக எழுதப்பட்ட கசப்பான அனுபவங்களும் எமது மக்களுக்கு உண்டு. எனினும் அந்தக் கொப்பி இல்லாவிட்டால் பல பிள்ளைகள் பசியோடு பாடசாலைக்குப் போயிருப்பார்கள்.

இத்தகைய கடைகள் எளிதில் அழியக்கூடியவை. 1983 ஜூலைக் கலவரத்தின்போது பதுளை நகரிலும் தமிழர் கடைகள் எரிக்கப்பட்டன. சிலர் ஊரைவிட்டே போனார்கள். சிலர் மீண்டும் வந்து அதே இடத்தில் அடுப்பை மூட்டினார்கள். ஒரு கடை மீண்டும் திறக்கப்படும்போது அந்த வீதியில் அச்சமின்றி நடமாடலாம் என்ற செய்தியும் சேர்ந்தே வருகிறது.

சங்கிலிக் கடை எப்படி இயங்குகிறது?

எமது நாட்டில் பீட்சா ஹட் 1993இலும், கே.எப்.சி. 1995இலும், மக்டொனால்ட்ஸ் 1998இலும் கால் பதித்தன. இவற்றை இங்கே நடத்தியவை உரிமம் பெற்ற வேறு கம்பனிகளே. பெயரும், சமையல் முறையும், அடுப்பின் அளவும், சீருடையின் நிறமும் வெளிநாட்டு உரிமையாளருக்குச் சொந்தமானவை. அவற்றைப் பயன்படுத்துவதற்காக விற்பனையில் ஒரு பங்கு தொடர்ந்து அவருக்குச் செல்லும். கே.எப்.சி., பீட்சா ஹட் ஆகிய இரண்டு பெயர்களும் அமெரிக்காவின் யம் பிராண்ட்ஸ் என்ற ஒரே கம்பனிக்கு உரியவை.

இம்முறையின் பலம் வெளிப்படையானது. எங்கே போனாலும் அதே சுவை, சுவரில் எழுதிய விலை, சுத்தமான மேசை, பெண்கள் அச்சமின்றிப் பயன்படுத்தக்கூடிய மலசலகூடம். அதன் பலவீனத்தை 2024 மார்ச் மாதத்தில் கண்டோம். உரிமையாளருக்கும் உள்நாட்டுக் கம்பனிக்கும் இடையிலான ஒப்பந்தம் முறிந்ததும், இலங்கையில் இயங்கிய 12 மக்டொனால்ட்ஸ் கடைகளும் ஒரேயடியாக மூடப்பட்டன. அங்கே தட்டு ஏந்திய தொழிலாளிக்கு அந்தத் தகராறில் எந்தப் பங்கும் இல்லை.

விலையைப் பாருங்கள். தோட்டத் தொழிலாளியின் நாட் சம்பளம் நீண்ட போராட்டத்தின் பின் 2021இல் 1,000 ரூபாவாகவும், 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாவாகவும் நிர்ணயிக்கப்பட்டது. அதன்பின் வந்த உயர்வைச் சேர்த்துப் பார்த்தாலும், நால்வர் கொண்ட குடும்பம் இத்தகைய கடையொன்றில் ஒரு தடவை உட்கார்ந்து சாப்பிட்டால் சில நாள் உழைப்பு போய்விடும்.

ஒரு கிழங்கின் கதை

பணம் எப்படிச் சுற்றுகிறது என்பதை விளங்கிக்கொள்ள ஓர் உருளைக்கிழங்கை எடுத்துக்கொள்வோம். வெலிமடை, ஊவா பரணகமைப் பகுதி விவசாயிகள் நெடுங்காலமாகக் கிழங்கு பயிரிடுகிறார்கள். அவர்கள் விரும்பிப் பயிரிடும் கிரனோலா இனம் கறிக்கு மிகப் பொருத்தமானது. ஆனால் அதில் நீர்த்தன்மை அதிகம். சங்கிலிக் கடைகள் விற்கும் நீளமான பொரியலுக்கு மாப்பொருள் கூடிய வேறு இனங்கள் தேவை. அவை பெரும்பாலும் வெளிநாட்டில் வெட்டப்பட்டு, உறைந்த நிலையில் கப்பலில் வருகின்றன.

வெலிமடையில் விலை விழுந்து விவசாயி தலையில் கை வைத்திருக்கும் வாரத்திலும் அந்தப் பொரியலின் விலையில் மாற்றமில்லை. அவருடைய கிழங்குக்கு அங்கே இடமும் இல்லை. சந்திக் கடைக்காரரோ கெப்பெட்டிபொல சந்தையிலிருந்து வந்த மூட்டையைத்தான் வாங்குகிறார். விலை குறைந்தால் அன்றைக்குக் கிழங்குக் கறி தாராளமாக வரும். கூடினால் பூசணிக்காய் வரும். அவர் கொடுக்கும் காசு விவசாயிக்கும், விறகு கொண்டுவருபவருக்கும், மரக்கறிக் கடைக்கும், பக்கத்து வீட்டில் இடியப்பம் அவித்துக் கொடுக்கும் பெண்ணுக்கும் போகிறது. அவர்களும் அதே ஊரிலேயே செலவழிக்கிறார்கள். ஒரே ரூபா ஓர் ஊருக்குள் எத்தனை கை மாறுகிறதோ அத்தனை பேருக்கு அது வருமானமாகிறது. முதற் கையிலேயே ஊரைவிட்டுப் போய்விட்டால் ஒருவருக்கு மட்டுமே பயன்படுகிறது.

இதில் நாம் நேர்மையாக இருக்க வேண்டும். சந்திக் கடையின் ரொட்டியும் பராட்டாவும் கூட இறக்குமதிக் கோதுமையில்தான் செய்யப்படுகின்றன. 1970களின் முற்பகுதியில் உணவுப் பங்கீடு குறைக்கப்பட்டபோது தோட்டங்களில் பட்டினியால் பலர் இறந்தார்கள். வெளியிலிருந்து வரும் ஒரே உணவில் தங்கியிருப்பது எவ்வளவு ஆபத்தானது என்பதை எமது பாட்டிமார் அனுபவித்து அறிந்தார்கள். ஆகவே குரக்கன், அரிசிமா, மரவள்ளி, கீரை வகைகள் மீண்டும் எமது கடைகளின் தட்டுகளில் ஏற வேண்டும்.

எமது பக்கத்துக் குறைகள்

சிறியது என்பதால் மட்டும் ஒரு கடை நல்லதாகிவிடாது. ஒரு முறை பெயர் குறிப்பிட விரும்பாத ஒரு நகரத்துச் சாப்பாட்டுக் கடையில், தோட்டத்துப் பையன் ஒருவன் இரவு பதினொரு மணிக்கும் பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பதைக் கண்டேன். வயதைக் கேட்டபோது முதலாளி முந்திக்கொண்டு "பதினெட்டு" என்றார். பையன் தலையைக் குனிந்துகொண்டான். இலங்கையில் வேலைக்கு அமர்த்தக்கூடிய ஆகக் குறைந்த வயது 2021இல் 16 ஆக உயர்த்தப்பட்டது. சட்டம் மாறிய பின்னரும் தோட்டத்துப் பிள்ளைகளைச் சமையலறைகளின் பின்பக்கத்தில் தேடவேண்டியிருக்கிறது.

பெரிய சங்கிலிக் கடையில் வேலை செய்யும் இளைஞருக்கு ஊழியர் சேமலாப நிதி கிடைக்கும். தொழிலாளியின் சம்பளத்தில் 8 சதவீதமும், முதலாளியின் பங்காக 12 சதவீதமும், அதற்கு மேலாக நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு முதலாளியிடமிருந்து 3 சதவீதமும் செலுத்தப்பட வேண்டும். எத்தனை சிறிய கடைகள் இதைச் செலுத்துகின்றன?

சுத்தமும் அப்படியே. வடை சுட்ட எண்ணெயை மறுநாளும் அதற்கடுத்த நாளும் காய்ச்சினால் அது கறுத்து, நுரைத்து, உடலுக்குக் கேடான பொருட்களாக மாறுகிறது. ஒரே வாளித் தண்ணீரில் ஐம்பது கிளாசுகளை அலசி எடுப்பது நோயைப் பங்கிடுவதாகும். 2017இல் தடை செய்யப்பட்ட பொலித்தீன் லஞ்ச் சீட்டில் சூடான சோற்றைக் கட்டுவதும் அப்படிப்பட்டதே.

இவற்றைவிடவும் என்னை உறுத்துவது அந்த யுவதி சொன்ன காரியம். எமது சிறிய கடைகளில் சிலவற்றில் தோட்டத்து மக்களை "ஏ, இங்க வா" என்று கூப்பிடும் வழக்கம் இன்னும் போகவில்லை. நல்ல உடுப்பு உடுத்தியவருக்கு முன் மேசையும், கொழுந்துச் சாயம் படிந்த கையுடன் வருபவருக்குப் பின் வாங்கும் கொடுத்தால், பிள்ளைகள் மரியாதையைக் காசு கொடுத்து வாங்க வேறு இடத்துக்குப் போவார்கள். அவர்களைக் குறை சொல்ல எமக்கு உரிமையில்லை.

நெருக்கடியில் தெரிந்தது

2021 ஒக்டோபர் தொடக்கத்தில் 1,493 ரூபாவாக இருந்த 12.5 கிலோ சமையல் வாயுச் சிலிண்டர், 2022 ஏப்ரல் இறுதியில் 4,860 ரூபாவாயிற்று. அந்த விலைக்கும் கிடைக்காமல் மக்கள் வரிசையில் நின்றார்கள். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தைத் தொட்டது. எத்தனையோ சிறிய கடைகள் அப்போது மூடப்பட்டன. விறகடுப்பை இடிக்காமல் வைத்திருந்தவர்களும், பட்டியலைச் சுருக்கி அன்றன்று கிடைத்ததைச் சமைத்தவர்களும் ஓரளவு தாக்குப் பிடித்தார்கள்.

பிறர் செய்து காட்டியவை

இத்தாலியின் தென்பகுதியில் அல்தமூரா என்ற ஊர் ரொட்டிக்குப் பெயர் பெற்றது. 2001இல் அங்கே மக்டொனால்ட்ஸ் திறக்கப்பட்டது. அதன் பக்கத்திலேயே ஒரு சிறிய வெதுப்பகம் வழக்கமான பொக்காச்சா ரொட்டியைச் சுடச்சுட விற்றுக்கொண்டிருந்தது. ஊர்வலமும் கல்லெறியும் இல்லை. மக்கள் மெதுவாகத் தங்கள் ரொட்டிக்கே திரும்பினார்கள். 2002 டிசம்பரில் அந்தப் பெரிய கடை மூடப்பட்டது. அந்த வெதுப்பகம் வென்றதற்குக் காரணம் இரக்கம் அல்ல. அதன் ரொட்டி நல்லது, விலை குறைந்தது.

இந்தியாவில் கோப்பிச் சபை நடத்திய கோப்பிக் கடைகள் 1950களில் மூடப்பட்டபோது, வேலை இழந்த தொழிலாளர்கள் ஏ.கே. கோபாலனின் தூண்டுதலால் கூட்டுறவுச் சங்கங்களை அமைத்தார்கள். 1957இல் பெங்களூரிலும் 1958இல் திருச்சூரிலும் இந்தியன் கோப்பி ஹவுஸ் பிறந்தது. பரிமாறுபவரே பங்காளியாகவும் இருக்கும் கடைகள் அவை.

எமது நாட்டிலும் விவசாயத் திணைக்களத்தின் "ஹெல போஜுன்" கடைகளிலும், வட மாகாண விவசாய அமைச்சின் முயற்சியில் தொடங்கிய "அம்மாச்சி" உணவகங்களிலும் பெண்கள் வாடிக்கையாளரின் கண்முன்னே பாரம்பரிய உணவைச் சமைத்து விற்கிறார்கள். கட்டடமும் தண்ணீரும் பொதுவானவை. அடுப்பும் வருமானமும் அவரவருக்குரியவை. பல கிளைகள் உள்ளபடியால் இதுவும் ஒருவகைச் சங்கிலிதான். ஆனால் அதன் ஒவ்வொரு கண்ணியையும் ஒரு பெண் தன் கையில் வைத்திருக்கிறாள்.

நாம் செய்யக்கூடியவை

சங்கிலிக் கடைகளைப் பகிஷ்கரிக்குமாறு நான் கேட்கவில்லை. பிறந்த நாளுக்குப் பிள்ளை ஆசைப்பட்டால் ஒரு தடவை கூட்டிப் போவதில் பாவம் எதுவும் இல்லை. எமது கடைகளை நிமிர்த்துவதுதான் எமது வேலை.

முதலாவது, ஒரு கடைக்கு ஒரு பேர்போன பண்டம் இருக்க வேண்டும். இருபது வகையை அரைகுறையாகச் செய்வதைவிட, தேங்காய் ரொட்டியையோ உளுந்து வடையையோ மற்றவர் தேடி வரும்படி செய்வது மேல்.

இரண்டாவது, தேயிலை. ஜூலை முதல் செப்டெம்பர் வரை ஊவா மலைகளில் வீசும் வரண்ட காற்றினால் உலகம் புகழும் மணமுள்ள தேயிலை இங்கே விளைகிறது. ஆனால் எமது கடைகளில் கடைத்தரத் தூளைக் கொதிக்க வைத்துச் சாயத்தண்ணியாகக் கொடுக்கிறோம். எல்ல, அப்புத்தளைப் பக்கம் ஏராளமான உல்லாசப் பயணிகள் வருகிறார்கள். நல்ல ஊவாத் தேநீரைச் சுத்தமான கிளாசில் கொடுக்கும் தோட்டத்துக் கடையை அவர்கள் தாண்டிப் போகமாட்டார்கள். கொழுந்து பறித்தவரும் தாம் பறித்ததன் சுவையை அறிய வேண்டாமா?

மூன்றாவது, கூட்டாக வாங்குதல். ஐந்து கடைகள் சேர்ந்து மா, சீனி, எண்ணெய் வாங்கினால் மொத்த விலைக்கு வாங்கலாம். சிக்கன கடனுதவிச் சங்கம் உள்ள இடங்களில் அதன் மூலம் இதைத் தொடங்கலாம்.

நான்காவது, கணக்கு. கடைப் பணமும் வீட்டுப் பணமும் ஒரே மடியில் இருந்தால் கடை நிலைக்காது. கடனுக்கு ஓர் எல்லை வையுங்கள். கொப்பியில் எழுதியதை வாடிக்கையாளருக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

ஐந்தாவது, மரியாதை. இதற்கு முதலீடு தேவையில்லை. வாசலில் வருபவரை "வாங்க" என்று அழைப்பதற்கு எந்த வெளிநாட்டுக் கம்பனியிடமும் உரிமை வாங்க வேண்டியதில்லை.

ஒரு பிளேன்டீ

பயிற்சியின் முடிவில் அந்தப் பிள்ளைகள் என்னையே திருப்பிக் கேட்டார்கள். "பாதர், உங்களுக்கு மறக்க முடியாத சாப்பாடு எது?"

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. பலர் மண்ணுக்குள் போனார்கள். தப்பியவர்கள் கொஸ்லந்தை, பூனாகலைப் பாடசாலைகளில் தங்கவைக்கப்பட்டார்கள். அந்நாட்களில் ஒரு மாலை, மழையில் நனைந்து, பேச்சும் வராமல், பாதையோரக் கடையொன்றின் வாங்கில் போய் உட்கார்ந்தேன். எனக்குப் பக்கத்தில் வீட்டில் எவரும் மிஞ்சாத ஒரு பெரியவர் இருந்தார். கடைக்காரர் எதுவும் கேட்கவில்லை. இரண்டு பிளேன்டீயும் இரண்டு ரொட்டியும் கொண்டுவந்து வைத்தார். பெரியவர் மடியைத் தடவியபோது, "வையுங்க அய்யா, முதல்ல குடிங்க" என்றார். பெரியவர் ரொட்டியைப் பிய்த்து, ஒரு துண்டை என் பக்கம் தள்ளினார். அன்று காலையிலிருந்து அவர் சாப்பிட்ட முதல் உணவு அதுவே என்று பின்னர் அறிந்தேன்.

ரொட்டி சற்றுக் கருகியிருந்தது; சம்பலில் உப்புக் கூடியிருந்தது. அந்தக் கடைக்காரருக்கு அந்தப் பெரியவரின் பெயர் தெரியும், அவர் பிள்ளைகளின் பெயர்களும் தெரியும். யாருடைய பெயரையும் அறியாத கடையில் "மேடம்" என்ற சொல் கிடைக்கலாம். பெயரை அறிந்த கடையிலும் அதே மரியாதை கிடைக்கும் நாளில், அந்த யுவதி தன் பதிலை மாற்றிச் சொல்வாள் என்று நம்புகிறேன்.

குழுவில் கலந்துரையாட

1. உங்கள் சந்தியில் உள்ள சாப்பாட்டுக் கடை எவை எவற்றை உங்கள் ஊரிலேயே வாங்குகிறது? எவை வெளியிலிருந்து வருகின்றன?

2. அக்கடையில் வேலை செய்பவர்கள் யார்? அவர்களின் வயதும் சம்பளமும் சேமலாப நிதியும் சட்டப்படி உள்ளனவா?

3. தோட்டத்துப் பெண்கள் ஐந்து பேர் சேர்ந்து ஓர் உணவுக் கடை தொடங்குவதானால், உங்கள் பகுதியில் எந்த இடம், எந்தப் பண்டம் பொருத்தமானது?

4. நீங்கள் மரியாதையோடு நடத்தப்பட்ட ஒரு கடையையும், அப்படி நடத்தப்படாத ஒரு கடையையும் நினைத்துப் பாருங்கள். இரண்டுக்கும் என்ன வேறுபாடு?